திண்டுக்கல் சமவெளியில் மின்சாரச் சரக்கு வண்டி: ஓடும் தூரமும் சார்ஜ் ஏறும் இடமும்

ஒரு மின்சாரச் சரக்கு வண்டி ஒரே சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பது பேட்டரியின் அளவு, ஏற்றிய பாரம், சாலையின் மேடு பள்ளம், ஓட்டும் வேகம், எதிர்க்காற்று ஆகியவற்றைப் பொறுத்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் இவை எல்லாமே ஒருநாள் ஓட்டத்துக்குள் மாறிவிடும். நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே சிறுமலை, மேற்கே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல், மற்றபடி வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, நத்தம் என்று நாலாபுறமும் விரியும் வறண்ட சமவெளி. கரூரிலிருந்து மதுரைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, கோவையிலிருந்து பழனி வழியாகத் திருச்சிக்குப் போகும் 83, தேனி வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் 183 ஆகிய மூன்றும் இந்த ஊரைத் தொடுகின்றன. காய்கறி, பூ, வாழைத்தார், பூட்டு, தோல், சின்னாளபட்டிச் சேலை, நூற்பாலைச் சரக்கு என்று சிறு வண்டிக்கு இங்கே எப்போதும் லோடு உண்டு.

இந்தச் சரக்கில் பெரும்பகுதியைச் சுமப்பது ‘குட்டி யானை’ என்று ஊர் அழைக்கும் டாடா ஏஸும் அதன் வகை வண்டிகளும், மூன்று சக்கர லோடு ஆட்டோக்களும்தான். டாடா ஏஸ் 2005இல் வந்தது. அதன் மின்சார வடிவம் 2022 மே மாதம் அறிமுகமாகி, 2023 தொடக்கத்தில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. 21.3 யூனிட் கொள்ளும் பேட்டரி, 600 கிலோ பாரம், சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 154 கிலோமீட்டர். 2024இல் ஒரு டன் பாரம் ஏற்றும் ஏஸ் இவி 1000 வந்தது. 2025 ஜூனில் விலை குறைந்த ஏஸ் ப்ரோ பெட்ரோலிலும் மின்சாரத்திலும் வெளியானது. மின்சார வடிவத்துக்கு 14.4 யூனிட் பேட்டரி, 750 கிலோ பாரம், 155 கிலோமீட்டர் ரேஞ்ச். மஹிந்திராவின் ஜியோ 2024 அக்டோபரில் வந்த நான்கு சக்கர வண்டி. அதே நிறுவனத்தின் ட்ரியோ ஜோர் 2020இலிருந்து ஓடும் மூன்று சக்கர லோடு ஆட்டோ; ஏழு யூனிட்டைச் சற்றே தாண்டும் பேட்டரியில் 550 கிலோ ஏற்றும். தமிழ்நாட்டு நிறுவனங்களில், அசோக் லேலண்டின் ஸ்விட்ச், முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா இரண்டும் இதே சந்தையில் இருக்கின்றன. பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் குறிப்பார்கள். ஒரு கிலோவாட் மணி என்பது மின் கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட்டேதான். கணக்குப் போட இதைவிட வசதியான அளவு வேறில்லை.

ரேஞ்ச் சான்றிதழ் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல், வகுத்துவைத்த வேகத்தில் ஓட்டிப் பெறுவது. குழி, எதிர்க்காற்று, சிக்னலில் நின்று கிளம்புவது, மார்க்கெட் வாசலில் ஊர்ந்துபோவது எதுவும் அதில் வராது. 21.3 யூனிட்டில் 154 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 0.14 யூனிட். சாலையில், ஓரளவு பாரத்தோடு, அது 0.18 முதல் 0.2 வரை போகும் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அப்படியானால் முழுச் சார்ஜில் 105 முதல் 120 கிலோமீட்டர். பேட்டரியை வற்ற வற்ற ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல. ஐந்தில் ஒரு பங்கை இருப்பாக வைத்துவிட்டால் நம்பிப் புறப்படக்கூடிய தூரம் 85 முதல் 95. புது வண்டிக்கே இந்த அளவு. ஆறேழு ஆண்டு கழித்து பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் அந்த நம்பிக்கைத் தூரம் 70 கிலோமீட்டருக்கு இறங்கும். வண்டி வாங்குபவர் விளம்பரத்தில் பார்ப்பது முதல் நாளின் சோதனைக்கூட எண். கடன் கட்டி முடிக்கும் வருடத்தில் தன் லோடுக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு.

பாரத்தின் விளைவைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். சமதளத்தில் சீராக ஓடும்போது எடை கூடினால் டயரின் உருளும் தடை கூடும். காற்றின் தடை கூடாது. ஆகவே ரேஞ்ச் குறையும், ஆனால் பாதியாகிவிடாது. அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டத்திலும் மேட்டிலும்தான் எடை தன் முழுக் கணக்கைக் கேட்கும். 15 கிலோ தக்காளிப் பெட்டி நாற்பது அடுக்கினால் 600 கிலோ. 50 கிலோ வெங்காய மூட்டை பன்னிரண்டு போட்டாலும் அதேதான். டீசல் குட்டி யானையில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிப் பழகிய ஊரில் இந்த அளவு கையைக் கட்டுவதாகவே தோன்றும். ஓவர்லோடு எந்த வண்டியிலும் சட்டப்படி தவறு. மின்சார வண்டியில் கூடுதலாக, மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் சூடேறினால் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொண்டு மெல்ல நகரத் தொடங்கும். டீசல் இன்ஜினைப் போல முனகிக்கொண்டாவது இழுத்துவிடாது. எனவே இரும்பு, பூட்டு, வெங்காயம் போன்ற கனச் சரக்குக்கு ஒரு டன் வகை வண்டியே ஏற்றது. பூ, சேலைச் சிப்பம், கூரியர் பார்சல் போன்றவை எடை நிறைவதற்கு முன்பே இடத்தை நிறைத்துவிடும். அவற்றுக்குச் சிறு வண்டி தாராளம்.

காற்று என்ற விஷயத்தைச் சமவெளிக்காரர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் பலமாக வீசும். 40 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கிப் போகும் வண்டி, 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் காற்றில் உண்மையில் 65 கிலோமீட்டர் வேகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். மூடிய உயரமான பெட்டி கொண்ட வண்டிக்கு இது கிலோமீட்டருக்குச் செலவாகும் மின்சாரத்தைக் கால் பங்குக்கு மேலேயே ஏற்றிவிடக்கூடும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளி ஓரளவு ஈடு செய்யும், முழுவதும் செய்யாது. நான்கு வழிச்சாலை வேகமும் இதே வகைத் திருடன்தான். ஏஸ் இவியின் உச்ச வேகமே 60 கிலோமீட்டர் என்பதால் அந்த வண்டி ஓட்டுநரை அவர் விரும்பாமலே சிக்கனக்காரர் ஆக்குகிறது. வேகமாகப் போகும் வண்டிகளில் 60ஐத் தாண்டாமல் ஓட்டுவது பதினைந்து இருபது கிலோமீட்டரை மிச்சப்படுத்தும்.

இனி ஊர்களின் தூரத்தை இந்த அளவோடு ஒப்பிடலாம். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி சுமார் 11 கிலோமீட்டர், வேடசந்தூர் 20, நிலக்கோட்டை 27, ஒட்டன்சத்திரம் 30, வத்தலக்குண்டு 35, நத்தம் 37. போய் வர அதிகபட்சம் 75 கிலோமீட்டர். புது வண்டியின் நம்பிக்கைத் தூரத்துக்குள் எல்லாமே அடங்குகின்றன. ஒரு நடை அடங்கும் என்பதும் நாள் அடங்கும் என்பதும் வேறு. ஒட்டன்சத்திரத்துக்குக் காலையில் ஒரு நடை போய்த் திரும்பிய வண்டிக்குப் பிற்பகல் நத்தம் மாங்காய் லோடு வந்தால், இடையில் சார்ஜ் ஏறியிருந்தால்தான் அதை எடுக்க முடியும். பழனி ஒருவழி 57, மதுரை 65. போய் இறக்குமிடத்தில் இரண்டு மணி நேரமாவது பிளக் கிடைத்தால் இவை முடியும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. ‘கிடைத்த சவாரிக்கெல்லாம் போவது’ என்ற ஸ்டாண்டு வண்டியின் பிழைப்பு மின்சார வண்டிக்குப் பொருந்தாதது இதனால்தான். குறித்த கடை, குறித்த வழி, இரவில் குறித்த இடத்தில் நிற்பது என்று ஓடும் வண்டிக்கு அதே பேட்டரி தாராளமாகப் போதும். இங்கிலாந்தில் வீடு வீடாகப் பால் பாட்டில் போட்ட மின்சார வண்டிகள், ஈய அமில பேட்டரியை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் ஓடியது இந்த ஒழுங்கினால்தான். நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது பால்காரருக்கு முந்தின இரவே தெரியும்.

மலைச் சாலை தனிக் கணக்கு, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். சரக்கோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டியைச் சிறுமலை மேல் 800 மீட்டர் உயர்த்த, உராய்வு எதையும் சேர்க்காமல், நான்கு யூனிட் தேவை. மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் நாலரைக்கு மேல். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே சேரும்போது, உருளும் தடைக்கான செலவும் கூடி, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். ஆனால் சிறுமலைச் சரக்கின் போக்கு வேறு. சிறுமலை வாழை 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. தார்கள் இறங்குகின்றன, ஏறும் வண்டி பெரும்பாலும் காலி. காலி வண்டி ஏறுவதற்குச் செலவு குறைவு. தாரோடு இறங்கும்போது மோட்டார் பிரேக்காகவும் ஜெனரேட்டராகவும் மாறி இரண்டு யூனிட் வரை பேட்டரிக்குத் திருப்பித் தரும். 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய உள்ள அந்த மொத்த நடை ஏழெட்டு யூனிட்டில் முடிந்துவிடக்கூடியது. ஸ்விட்சர்லாந்தில் பியெல் நகருக்கு அருகே ஒரு சிமென்ட் ஆலைக்காக ஓடும் மின்சார டம்பர் லாரி இந்தத் தத்துவத்தின் உச்சம்: மலையில் வெட்டிய கல்லைச் சுமந்து இறங்கும்போது அது சேர்க்கும் மின்சாரமே, காலியாக ஏறுவதற்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் பிரேக் பிடிப்பது குறைந்து, முழுப் பாரமும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். கொடைக்கானல் வேறு வகை. பாரத்தோடு 1,800 மீட்டர் ஏற மட்டும் பத்து யூனிட்டுக்கு மேல். 95 கிலோமீட்டர் சாலைக்கு இன்னும் பன்னிரண்டு பதினான்கு. 21 யூனிட் வண்டியால் வத்தலக்குண்டிலோ மலையிலோ சார்ஜ் போடாமல் அந்த நடையைச் செய்ய முடியாது. கொடைக்கானல் லோடுக்கு இன்றைக்கு டீசல் வண்டியே சரி. அதை ஒப்புக்கொள்வதால் சமவெளியில் மின்சார வண்டிக்குள்ள வலு எதுவும் குறையவில்லை.

சார்ஜ் ஏற்றுவது இரண்டு வகை. வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் போல ஏறும். 21 யூனிட் பேட்டரி நிறைய ஏழு மணி நேரம், அதாவது ஒரு இரவு. சிசிஎஸ்-2 வகை வேகச் சார்ஜரில் ஏஸ் இவி இரண்டு மணி நேரத்துக்குள் நிறையும். 48 வோல்ட்டில் ஓடும் மூன்று சக்கர வண்டிகள் கார்களுக்கான அந்தச் சார்ஜரில் ஏறாது. நெடுஞ்சாலையில் சார்ஜர் பலகையைப் பார்த்து நம்பி வரும் லோடு ஆட்டோக்காரர் ஏமாறுவது இங்கேதான். அந்த வண்டிகளுக்குப் பிளக் பாயிண்ட்டே கதி. பேட்டரி சிறியதாகையால் மூன்று நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

வீட்டில் சார்ஜ் போடுவதில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். திண்டுக்கல் மண் பாறைக்கு மேல் மெல்லிய செம்மண்; கோடையில் ஈரம் காய்ந்துபோகும். பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி தண்ணீர் காணாமல் வறண்டு கிடக்கும். விளக்கும் மின்விசிறியும் அதனால் பாதிக்கப்படாததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சார்ஜிங் கேபிளில் உள்ள பாதுகாப்புப் பெட்டி எர்த் சரியில்லை என்று கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டி மின்சாரம் வாங்க மறுத்துவிடும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸுக்குப் போன் செய்கிறவர்களில் பலருக்கு வேண்டியது குழியில் இரண்டு குடம் தண்ணீர், அல்லது ஆழமாக இறக்கிய புது எர்த் கம்பி. அதேபோல 15 ஆம்ப் என்று பெயர் போட்ட பழைய பிளக் பாயிண்ட், ஏழு மணி நேரம் இடைவிடாமல் முழு மின்சாரத்தைத் தாங்கும்படி பெரும்பாலும் வயர் இழுக்கப்பட்டிருக்காது. மீட்டரிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, எர்த் கசிந்தால் துண்டிக்கும் கருவி மூன்றும் வண்டி வாங்கும் செலவில் சேர வேண்டியவை. ஊர்ப்புறத்தில் மாலையில் மின்னழுத்தம் இறங்கினால் சார்ஜர் நின்றுவிடும். இரவு பத்து மணிக்கு மேல் போடுவது பாதுகாப்பு.

அடுத்தது பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்பட்டு, பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் மாறிவிடும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் ஒரு வீடு, 2024 ஜூலைக் கட்டணப்படி, 700 ரூபாய் போலக் கட்டும். அந்த மீட்டரிலேயே நாளுக்கு 15 யூனிட், மாதம் 26 நாள் வண்டிக்கு ஏற்றினால் இரண்டு மாதத்தில் 780 யூனிட் கூடி, பில் 8,000 ரூபாயை நெருங்கும். வண்டிக்கு மட்டும் கூடிய தொகையை வகுத்தால் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல். நூறு யூனிட் இலவசம், மின்சாரம் மலிவு என்ற பொதுப் பேச்சை நம்பி லாபம் பார்த்தவர்கள் முதல் பில்லில் திகைப்பதற்குக் காரணம் இதுதான். வண்டி சார்ஜுக்குத் தனி இணைப்பு வாங்கினால் வீட்டுப் படிகளின் இந்தப் பாய்ச்சல் தவிர்க்கப்படும்.

நெடுஞ்சாலை ஓரத்து வேகச் சார்ஜரில் சேவைக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து யூனிட் 20 ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். நெடுஞ்சாலைகளில் குறித்த தூரத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அவை பெரும்பாலும் உணவகங்களில், கார்களை நினைத்து அமைக்கப்பட்டவை. மதுரையிலிருந்து பெங்களூருக்குப் போகும் குடும்பம் சாப்பிடும் நேரத்தில் காருக்குச் சார்ஜ் ஏறுவது அருமையான ஏற்பாடு. நிலக்கோட்டைப் பூ வண்டிக்கு அந்த இடத்தில் என்ன வேலை? அதன் நாள் நள்ளிரவு தாண்டித் தொடங்குகிறது. தோட்டங்களில் பறித்த மல்லிகையை ஊர் ஊராக மூட்டையில் வாங்கி, விடிவதற்குள் மார்க்கெட்டில் சேர்க்கும். ஏலம் காலையிலேயே முடிந்து, திண்டுக்கல் கடைகளுக்குப் போட்டுவிட்டால் பத்து மணிக்கு வண்டி ஓய்ந்துவிடும். பிற்பகல் வரை வேப்பமரத்தடியில் நிற்கும்.

அந்த ஓய்வு நேரம்தான் சூரிய மின்சாரம் பெருகிக் கிடக்கும் நேரம். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல், பொது சார்ஜிங் நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்தின் விலையைக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கு செலவின் 0.7 மடங்காகவும், மற்ற நேரத்தில் 1.3 மடங்காகவும் வைக்கச் சொல்கிறது. கூரையில் ஐந்து கிலோவாட் சோலார் தகடு இருந்தால் நல்ல வெயிலில் நாளுக்கு இருபது யூனிட், அதாவது ஒரு குட்டி யானைக்கான சார்ஜ். திண்டுக்கல் பூ மார்க்கெட், நிலக்கோட்டை மார்க்கெட், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், அய்யலூர் தக்காளிச் சந்தை ஆகியவற்றின் கூரைகளும் அவற்றின் வாசலில் நிற்கும் வண்டிகளும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவை. 30 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று எடுக்கும் மின் சுமையில் ஒன்பது வண்டிகளுக்குச் சாதாரண 15 ஆம்ப் பிளக் கொடுத்துவிடலாம். மதியம் முழுக்க நிற்கிற வண்டிக்கு வேகம் தேவையே இல்லை. செலவும் சில லட்சங்களுக்குப் பதில் பிளக், வயர், மீட்டர் விலையோடு முடியும். மாவட்டத்தில் மின்சாரச் சரக்கு வண்டி பெருகுவதற்குத் தடையாக நிற்பது பேட்டரி அல்ல, மார்க்கெட் வாசலில் இல்லாத இந்தப் பிளக்தான். மின் வாரியம் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிடுவதால், அன்றைக்கு மட்டும் முந்தின இரவே நிறைத்துவைத்தால் சரி.

மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறையும் மின்வாகன நகரங்களாக வளர்க்கத் தேர்ந்தெடுத்தது. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல் அதில் இல்லை. இது ஒரு குறையே. பெருநகரத்தில் சரக்கு வண்டி நெரிசலில் நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறது. இங்கே மார்க்கெட்டுக்கும் கிராமத்துக்கும் இடையில் எண்பது ஓடுகிறது. எரிபொருள் மிச்சம் எங்கே அதிகம் என்று பார்த்தால் இந்த அளவு ஊர்களுக்குத்தான் முதல் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த மிச்சத்தின் கணக்கு இப்படி வரும். ஏஸ் ப்ரோ அறிமுகமான அன்று பெட்ரோல் வண்டி 3.99 லட்சம், மின்சார வண்டி 6.50 லட்சம், வித்தியாசம் இரண்டரை லட்சம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருமென்றால், லிட்டர் 101 ரூபாய் விலையில், கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். மின்சார வண்டிக்குச் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 0.145 யூனிட், மேற்சொன்ன வீட்டு விலையில் ஒன்றேகால் ஒன்றரை ரூபாய். கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். வித்தியாசத்தை எடுக்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருடத்துக்கு 300 நாள், நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் வண்டி அதை இரண்டரை வருடத்தில் எடுத்துவிடும். நகரத்துக்குள் தண்ணீர் கேன் போடும் வண்டி நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் ஆறரை வருடம் ஆகும். எப்போதும் 20 ரூபாய் வேகச் சார்ஜரையே நம்பினால் 80 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கே ஏறத்தாழ நான்கு வருடம். வட்டி இதில் சேரவில்லை. 2025 செப்டம்பரில் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியதும், மின்வாகனத்துக்கு 5 சதவீதமே தொடர்ந்ததும் விலை வித்தியாசத்தை இன்னும் விரித்தன.

ஆகவே இதில் ஒரு இறுக்கம் இருக்கிறது. குறைவாக ஓடும் வண்டிக்கு பேட்டரி போதும், முதல் திரும்பாது. நாளுக்கு 130 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு முதல் சீக்கிரம் திரும்பும், பேட்டரி போதாது. 60 முதல் 90 கிலோமீட்டர் வரை ஓடி, மதியம் ஒருமுறை பிளக் கிடைக்கும் வண்டியே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திண்டுக்கல் சமவெளியின் மார்க்கெட் ஓட்டங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. பால் வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி, நூற்பாலை உள்ளோட்டம் போன்றவற்றில் சொந்த ஷெட்டும் மின் இணைப்பும் ஏற்கெனவே இருப்பதால் மார்க்கெட் பிளக்குக்குக் காத்திராமலே அவை தொடங்கலாம்.

மற்றச் சலுகைகளில் நடைமுறைப் பயன் உள்ளவை சில. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் மின்சாரச் சரக்கு வண்டிக்கு 15 சதவீதத் தள்ளுபடி 2022இலிருந்து உண்டு. மாநிலத்தின் சாலை வரி விலக்கும் கணிசமானது. பெர்மிட் வேண்டாம் என்ற 2018 மத்திய அறிவிப்பைப் பெரிதாகச் சொல்வார்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எந்த எரிபொருளானாலும் பெர்மிட் தேவையில்லை என்பதால் குட்டி யானை அளவு வண்டிக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை.

பராமரிப்பில் இன்ஜின் ஆயில், கிளட்ச், ஃபில்டர், டீசல் பம்ப் என்ற செலவுகள் ஒழிகின்றன. மோட்டாரே பாதி பிரேக் பிடிப்பதால் பிரேக் லைனிங் நீடிக்கும். டயர், பட்டை ஸ்பிரிங், புஷ் ஆகியவற்றின் தேய்மானம் எல்லா வண்டிக்கும் ஒன்றே. குறை இருப்பது வேறிடத்தில். டீசல் ஏஸ் நத்தம் ரோட்டில் நின்றால் அரை மணியில் ஒரு மெக்கானிக் வந்து கிளப்பிவிடுவார். மின்சார வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் நிறுவனத்தின் ஆள், அவருடைய லேப்டாப், சில சமயம் வெளியூரிலிருந்து வரும் உதிரிப் பாகம் எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டும். அழுகும் சரக்கு ஏற்றும் வண்டிக்கு இது சிறு விஷயம் அல்ல. வாங்குவதற்கு முன் அருகிலுள்ள சர்வீஸ் மையத்தில் பேட்டரி, மோட்டார் வேலை தெரிந்தவர் இருக்கிறாரா, பழுது நேரத்தில் மாற்று வண்டி தருவார்களா என்று கேட்பது விலை பேரத்தைவிட முக்கியம்.

பேட்டரியின் எதிரி வெப்பம். சரக்கு வண்டிகளில் இன்று பரவலாக உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை தீப்பிடிக்கும் அபாயம் குறைந்தது, நீண்ட ஆயுள் கொண்டது; ஆனாலும் சித்திரை வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நாள் முழுக்க நிறுத்தினால் அது சீக்கிரம் மூப்படையும். மரநிழலும் ஓலைக் கூரையும் தகரத்தைவிட மேல். ஓடி வந்த சூட்டோடு உடனே வேகச் சார்ஜில் மாட்டாமல் அரை மணி ஆறவிடுவது, பேட்டரியைக் காலியாக விட்டுப் பல நாள் நிறுத்தாமல் இருப்பது, இந்த வகைக்கு நிறுவனம் சொல்லும் இடைவெளியில் ஒருமுறை நூறு சதவீதம் வரை ஏற்றி அளவைச் சரிசெய்வது ஆகியவை போதும். பேட்டரியைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் முறை, காத்மாண்டுவின் சஃபா டெம்போக்களில் நடந்தது போல, ஒரே வகை வண்டிகள் நூற்றுக்கணக்கில் ஒரே ஊரில் ஓடினால்தான் கட்டுபடியாகும். திண்டுக்கல் அளவு ஊரில் இப்போதைக்கு அதற்கு வழியில்லை.

மீதமிருப்பது பழைய வண்டியின் விலை. டீசல் குட்டி யானை பத்து வருடம் ஓடிய பிறகும் சந்தையில் போகும். நிதி நிறுவனங்கள் அதை நம்பியே கடன் தருகின்றன. மின்சார வண்டிக்குப் பழைய விலை இன்னும் நிலைபெறாததால் வட்டி கூடுகிறது, தவணைக் காலம் சுருங்குகிறது, மாத டியூ ஏறுகிறது. இதற்கு மருந்து பேட்டரி வாரண்டிதான்: ஏஸ் இவிக்கு ஏழு வருடம், மஹிந்திரா ஜியோவுக்கு ஏழு வருடம் அல்லது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். பழைய வண்டி வாங்குபவர் ஓடிய தூரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பேட்டரியின் மிச்சக் கொள்ளளவைச் சர்வீஸ் மையத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, வாரண்டி தன் பெயருக்கு மாறுமா என்றும் உறுதிசெய்ய வேண்டும். வண்டிக்கு உதவாத நிலைக்கு இறங்கிய பேட்டரியும் கடைகளில் இன்வெர்ட்டருக்குப் பின்னால் சில வருடம் உழைக்கும். அதற்கும் பிறகு அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன.